கம்பி தாண்டாத அடைப்பு

என்னைப் பார்க்க வருகிற உறவினர்களில் பாதிப் பேர், உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பது இதுதான்: “ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும்போது ஏதோ தவறாகிவிட்டதாமே? அதனால்தான் நெஞ்சைத் திறக்க வேண்டி வந்ததாமே?” வழக்குப் போட வேண்டும் என்றுகூடச் சிலர் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நடந்ததை நடந்தபடி ஒரு முறை எழுதிவிடுகிறேன்.

கம்பியும் பலூனும் விட்டு இதயக் குழாயின் அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி எனக்குப் பலிக்கவில்லை என்பது உண்மை. அதற்காக அந்த டாக்டர்மீது எனக்குத் துளியும் கோபம் இல்லை. அவர் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். எனக்குக் குறை உண்டு. ஆனால் அது வேறு இடத்தில்.

நான் கும்பகோணத்துக்காரி. அரசு உதவி பெறும் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதயத்தின் நான்கு அறைகளையும் வால்வுகளையும் ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். அந்தப் படத்தில் இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்கள் பெரிதாக வராது. அவற்றை நான் ஒழுங்காகப் பார்த்தது என் சொந்த இதயத்தில், ஆஞ்சியோ அறையின் திரையில்தான்.

எனக்கு நெஞ்சு வலி வரவேயில்லை. துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினால் தாடையின் இரண்டு பக்கமும் கனத்து வலிக்கும்; முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு எரிச்சல். நின்றால் போய்விடும். பத்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை உள்ளவள் என்பதால் எங்கள் குடும்ப டாக்டர் இதைப் பல் வலி என்றோ வாயு என்றோ தள்ளிவிடவில்லை. இ.சி.ஜி. சரியாகத்தான் இருந்தது. “உட்கார்ந்திருக்கும்போது எடுத்தால் சரியாகத்தான் இருக்கும் டீச்சர், ஏறும்போதுதானே வலிக்கிறது?” என்று ட்ரெட்மில்லுக்கு எழுதிக் கொடுத்தார். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் இதய வலி இப்படித் தாடையிலும் முதுகிலும் வெறும் களைப்பாகவும் வரக்கூடும் என்பதை இதைப் படிக்கிற பெண்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ட்ரெட்மில்லில் தொடக்கத்திலேயே வரைபடம் மாறிவிட்டது. எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் நன்றாக இருந்தது. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் எடுத்தோம்.

திரையில் பார்த்ததைச் சொல்கிறேன். இடது பக்கக் குழாயில் சாயம் செலுத்தியதும் கறுப்புக் கோடுகளாக அது கிளை விட்டு ஓடியது. இதயத்தின் முன்சுவரில் இறங்கும் முக்கியமான கிளையில் ஓர் இடம் மெலிந்திருந்தது. 75 சதவீத அடைப்பு என்றார்கள். வலது குழாயில் சாயம் விட்டபோது சிறிது தூரம் போய் அப்படியே நின்றுவிட்டது. நூறு சதவீதம். ஆனால் இடது பக்கத்தில் விட்ட சாயம் சற்றுப் பொறுத்து மயிரிழை போன்ற குழாய்கள் வழியாக வளைந்து வளைந்து போய், அடைபட்ட வலது குழாயின் கடைசிப் பகுதியை நிரப்புவதைக் காட்டினார்கள். எங்கள் காவிரிப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் தூர்ந்துபோனாலும், பக்கத்து வயலிலிருந்து கசிந்து வருகிற தண்ணீரில் அந்த வயலின் பயிர் உயிர் பிடித்து நிற்கும். அப்படித்தான் என் இதயத்தின் ஒரு பகுதி நின்றிருக்கிறது. அந்த வலது குழாய் எப்போது அடைந்தது என்று யாருக்கும் தெரியாது. மூன்று மாதத்துக்கும் மேலாக முழுவதும் அடைந்து கிடப்பதை நாள்பட்ட முழு அடைப்பு என்று தனியாக வகைப்படுத்துகிறார்கள். சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதால் அதைக் கம்பியால் தாண்டுவது ஆஞ்சியோபிளாஸ்டியிலேயே மிகக் கடினமான வேலை.

இரண்டு இடத்திலும் குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்துவிடலாம், முதலில் கடினமான வலது பக்கத்தை முயன்று பார்க்கலாம் என்றார்கள். என் கணவருக்கும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மகளுக்கும் முகம் தெளிந்துவிட்டது. கத்தி இல்லை, தையல் இல்லை, இரண்டு மூன்று நாளில் வீடு. யாருக்குத்தான் பிடிக்காது? ஒப்புதல் படிவத்தில் ‘தேவைப்பட்டால் அவசர பைபாஸ்’ என்று ஒரு வரி இருந்தது. பைபாஸ் என்றால் நெஞ்சைத் திறந்து, அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்கு மாற்று வழி தைப்பது. மகள் அதைக் காட்டிக் கேட்டாள். “அது எல்லாருக்கும் போடுகிற வரிதான்” என்று படிவம் கொண்டுவந்தவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதய அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவர் அதே கட்டடத்தில் இருந்தார். அவரை அன்று நாங்கள் பார்க்கவில்லை. எங்களை அவரிடம் யாரும் அனுப்பவும் இல்லை.

இந்த வேலை நடக்கும் கேத் லேப் அறையின் குளிர் எலும்பில் ஏறும். மணிக்கட்டிலும் தொடை மடிப்பிலும் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து இரண்டு வழியாகவும் குழாய் விட்டார்கள். ஒரு வழியில் இடது பக்கத்துக்குச் சாயம் செலுத்தினால்தான் அடைப்புக்கு அப்பால் வலது குழாய் எங்கே போகிறது என்பது தெரியும். இன்னொரு வழியில் கம்பி. மயக்கம் கிடையாது, லேசாக அசதி தருகிற மருந்து மட்டும். ஈய அங்கி போட்டுக்கொண்டு டாக்டர் என் வலது பக்கம் நின்றார். கம்பி என்றால் வீட்டுக் கம்பி இல்லை. ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லாத கனம், நுனியை மட்டும் விரலால் வளைத்துக்கொள்வார்கள். மெத்தென்ற நுனியில் தொடங்கி, போகவில்லை என்றால் அதைவிடக் கடினமான நுனி, பிறகு அதைவிடக் கடினமானது என்று மாற்றிக்கொண்டே போனார். ஒவ்வொரு முறை சாயம் விடும்போதும் உடம்பில் ஒரு சூடு பரவி அடங்கியது.

“அம்மா, வலி இருக்கிறதா?” என்று அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருந்தார். முதுகைத் தவிர வேறெங்கும் வலி இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. உதவியாளர் இதுவரை போன சாயத்தின் அளவைச் சொன்னார். அதைக் கேட்டதும் டாக்டரின் கை நின்றது. திரையில் ஒரு படத்தை நிறுத்திவைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என் தலைமாட்டுக்கு வந்து முகக்கவசத்தை இறக்கினார்.

“அம்மா, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கம்பி குழாயின் உள்ளே போகவில்லை, சுவரின் அடுக்குகளுக்கு நடுவே போகிறது. இன்னும் தள்ளினால் கிழிந்துவிடும்.”

“அப்படியானால் இடது பக்கத்திலாவது ஸ்டென்ட் வைத்துவிடுங்கள் டாக்டர்” என்றேன். இவ்வளவு நேரம் படுத்துக் கிடந்ததற்கு ஒன்றாவது கைக்கு வரட்டும் என்று தோன்றியது.

“வைக்க மாட்டேன் அம்மா. வலது பக்கத்துக்கும் இப்போது அந்த இடது குழாய்தான் ரத்தம் கொடுக்கிறது. பலூனை ஊதும்போது அதில் ஏதாவது ஒன்று ஆனால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். உங்களுக்கு பைபாஸ்தான் பாதுகாப்பு.”

இந்த நான்கைந்து வாக்கியங்களுக்காகத்தான் அவரை நான் மதிக்கிறேன். வேலை முடியவில்லை என்று நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். இடது பக்கத்தில் ஒரு ஸ்டென்ட்டை வைத்துவிட்டு, ‘ஒன்று முடிந்தது, இன்னொன்றைப் பிறகு பார்க்கலாம்’ என்று வெளியே போயிருந்தால் எங்கள் குடும்பமே அவரைக் கும்பிட்டிருக்கும். அதை அவர் செய்யவில்லை.

என் குறை, கதவுக்கு வெளியே நடந்தது. டாக்டர் கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் ஊழியர் ஒருவர் கதவைத் திறந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். என் கணவர் எழுந்து ஓடியிருக்கிறார். “ரத்தம் கொடுக்க ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், ஆபரேஷன் வரும்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான். உள்ளே நான் ரத்தம் கொட்டிக்கொண்டு கிடக்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். என் மகள் கைபேசியை எடுத்து யார் யாருக்கோ அழுதுகொண்டே பேசியிருக்கிறாள். டாக்டர் வெளியே வந்து விளக்கும்வரை அவர்கள் பட்ட பாட்டை இன்றுவரை இருவரும் என்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. ‘ஏதோ தவறாகிவிட்டது’ என்ற பேச்சு ஊருக்குப் பரவியது அந்த அழைப்புகளிலிருந்துதான்.

உடனே அறுவை இல்லை. என் நிலைமை நிலையாக இருந்ததால் அவசரம் தேவைப்படவில்லை. ஸ்டென்ட் வைப்பதற்காக முன்கூட்டியே கொடுத்த குளோபிடோக்ரெல் மாத்திரை ரத்தம் உறைவதைத் தடுப்பது. அதன் வேகம் உடம்பிலிருந்து இறங்கக் குறைந்தது ஐந்து நாளாவது விட வேண்டும், இல்லாவிட்டால் அறுவையின்போது ரத்தப்போக்கை அடக்குவது கடினம். ஆஸ்பிரினைத் தொடரச் சொன்னார்கள். சாயம் நிறையப் போனதில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் என் கிரியாட்டினின் அளவு சற்று ஏறியிருந்தது. அதுவும் இறங்க வேண்டும். பல் மருத்துவர் வந்து ஈறுகளைப் பார்த்தார். கழுத்துக் குழாய்களில் அடைப்பு உண்டா என்று ஸ்கேன், நுரையீரலுக்கு ஊதும் சோதனை, தொடையிலும் காலிலும் சிரைகள் நன்றாக இருக்கின்றனவா என்று ஒரு பார்வை. காப்பீட்டில் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு வாங்கிய அனுமதி பைபாஸுக்குச் செல்லாது என்பதால் மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் காத்திருப்பு. என் தம்பி அதற்காக அலைந்தான். பயன்படுத்தாத ஸ்டென்ட் பில்லில் இருக்கிறதா என்றும் அவன்தான் வரிவரியாகப் பார்த்தான், இல்லை. ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்ச விலை நிர்ணயித்ததிலிருந்து அதைத் தனியாகக் காட்ட வேண்டும். வைத்த ஒவ்வொன்றின் ஸ்டிக்கரும் கோப்பில் ஒட்டப்பட்டிருக்கும். குடும்பத்தினர் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

உண்மையில் மிகக் கடினமான நாட்கள் அவைதான். வலி கிடையாது, யோசிக்க நிறைய நேரம். நான் படித்தேன். பாடம் நடத்திய பழக்கம், எதையும் முதலிலிருந்து தெரிந்துகொண்டால்தான் மனம் அடங்கும்.

இதயக் குழாய்க்கான பலூன் ஆஞ்சியோபிளாஸ்டியைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக். பலூன் குழாய்களைத் தன் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துச் செய்து பார்த்தவர். 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் முதல் நோயாளிக்கு இதயக் குழாயில் பலூனை ஊதினார், பக்கத்தில் அறுவைச் சிகிச்சைக் குழுவைத் தயாராக நிறுத்திவைத்துக்கொண்டு. தன் முதல் 50 நோயாளிகளைப் பற்றி 1979இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், 32 பேருக்குப் பலித்தது, 5 பேருக்கு அவசர பைபாஸ் தேவைப்பட்டது என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பலூன் பலிக்காமல் பைபாஸுக்குப் போவது அந்தச் சிகிச்சையின் முதல் நாளிலிருந்தே அதன் கூடவே வந்த வழி. இன்று ஸ்டென்ட்டும் நல்ல கம்பிகளும் வந்த பிறகு அவசர பைபாஸ் நூற்றில் ஒருவருக்குக்கூடத் தேவைப்படுவதில்லை. ஆனால் நாள்பட்ட முழு அடைப்பு மட்டும் இன்னும் வீம்பு பிடிக்கிறது. தேர்ந்த கைகளில் பெரும்பாலும் திறந்துவிடுகிறது. எல்லாக் கைகளிலும் இல்லை, எல்லா அடைப்பும் இல்லை.

பைபாஸ் பக்கம் போனால் இன்னொரு செய்தி எனக்காகவே எழுதி வைத்ததுபோல் கிடைத்தது. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் 1967 மே மாதம் ரெனே ஃபவலோரோ என்ற அர்ஜென்டினா டாக்டர் காலிலிருந்து சிரையை எடுத்து இதயக் குழாய்க்கு மாற்று வழி அமைத்தார். அந்த நோயாளி, வலது குழாய் அடைபட்ட 51 வயதுப் பெண். பெயர் தெரியாத அந்த அம்மாவை நினைத்துக்கொண்டு ஓர் இரவு நன்றாகத் தூங்கினேன். நம் நாட்டில் முதல் பைபாஸ் எங்கே நடந்தது என்று பலருக்குத் தெரியாது: 1975இல், சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில், டாக்டர் கே.எம். செரியன் செய்தார். கார்ப்பரேட் மருத்துவமனைகள் வருவதற்கு முன்னால், ரயில்வே ஊழியர்களுக்கான ஆஸ்பத்திரியில்.

அறுவைச் சிகிச்சை நிபுணர் அந்தக் காத்திருப்பு நாட்களில்தான் என் கட்டில் அருகே வந்து உட்கார்ந்தார். நின்றுகொண்டு பேசவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மடிக்கணினியில் என் ஆஞ்சியோ படத்தை ஓட்டி, எந்த எந்த இடத்தில் தைக்கப்போகிறார் என்பதைப் பேனா முனையால் காட்டினார். மார்பெலும்பின் உட்புறமாக ஓடுகிற இடது மார்புத் தமனியின் கீழ்முனையை மட்டும் விடுவித்து முன்சுவர்க் குழாயில் இணைப்பது ஒன்று. காலிலிருந்து எடுத்த சிரையால் வலது குழாயின் கடைசிப் பகுதிக்கும், இடது பக்கத்தின் ஒரு கிளைக்கும் இரண்டு. “குழாயின் அகலம் எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டேன். ஒன்றரை மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்றார். “நூல்?” முடியைவிட மெல்லியது. உருப்பெருக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தைப்பாராம்.

நான் கேட்காமலேயே அவர் ஒன்று சொன்னார்: “சர்க்கரை இருந்து, முன்சுவர்க் குழாயோடு சேர்த்து ஒன்றுக்கு மேற்பட்ட குழாயில் அடைப்பு என்றால், முதல் நாள் என்னைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.” அதற்கு அடிப்படை உண்டு. சர்க்கரையும் பல குழாய் அடைப்பும் உள்ள 1,900 பேரை வைத்து நடந்த ‘ஃப்ரீடம்’ ஆய்வு 2012இல் வெளியானது. ஐந்து ஆண்டுகளில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 சதவீதம், பைபாஸ் செய்தவர்களில் 18.7 சதவீதம். பக்கவாதத்தை மட்டும் எடுத்தால் பைபாஸில்தான் சற்று அதிகம்; அதையும் அவர் மறைக்காமல் சொன்னார். ஸ்டென்ட் கெட்டது என்பதல்ல இதன் பொருள். என்னைப் போன்ற உடம்புக்கு எது நெடுநாள் தாங்கும் என்ற கணக்கு அது. இந்தக் கணக்கை ஸ்டென்ட் வைக்கும் டாக்டரும் அறுவை டாக்டரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எங்களையும் வைத்துக்கொண்டு, முதல் நாளே பேசியிருக்க வேண்டும். முயன்று பார்க்கத்தான் வேண்டும் என்று நாங்களே முடிவெடுத்திருக்கலாம். தெரிந்து எடுத்த முடிவாக இருந்திருக்கும். மேல்நாட்டு வழிகாட்டு நெறிகள் இரு தரப்பும் சேர்ந்த குழுவைத்தான் பரிந்துரைக்கின்றன. ஒரே கட்டடத்தில் இரண்டு மாடி வித்தியாசத்தில் இருப்பவர்கள் பேசிக்கொள்வதற்கு என்ன தடை? இதுதான் என் குறை, முழுக் குறையும்.

அறுவையைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. இதயத்தை நிறுத்தாமல், துடிக்கும்போதே, தைக்க வேண்டிய இடத்தை மட்டும் உறிஞ்சிப் பிடிக்கும் கருவியால் அசையாமல் நிறுத்திச் செய்தார்கள். நம் நாட்டில் இந்த முறையில் நிறையப் பேருக்குச் செய்கிறார்கள்.

விழித்தபோது தொண்டையில் குழாய். பேச முடியாது, கை கட்டியிருந்தது. இது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை. “ஆபரேஷன் முடிந்துவிட்டது அம்மா, நன்றாக இருக்கிறீர்கள், குழாயோடு மல்லுக்கு நிற்காதீர்கள், அதன் போக்கில் விடுங்கள்” என்று நாகர்கோவில் பேச்சு வாடையில் ஒரு நர்ஸ் காதருகே சொல்லிக்கொண்டிருந்தார். குழாயை எடுத்த பிறகு வந்த தாகத்தை என்னால் எழுத முடியாது. ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தார்கள். வெகுநேரம் கழித்து ஒரு ஸ்பூன் தண்ணீர். அது நாக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கிய வழி முழுவதும் எனக்குத் தெரிந்தது.

பிசியோதெரபி செய்கிற பையன் வந்து ஒரு தலையணையைக் கையில் கொடுத்தான். நெஞ்சோடு இறுகக் கட்டிக்கொண்டு இரும வேண்டும். இருமாவிட்டால் சளி தங்கி நிமோனியா ஆகும். மூன்று பந்துகள் உள்ள கருவியை உறிஞ்சி இழுக்க வேண்டும். முதலில் ஒரு பந்து அசையவே மாட்டேன் என்றது. மார்பெலும்பை எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள் என்பது எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். அது கூடிச் சேர எட்டு வாரம் ஆகும். அதன் பிறகும் சில வாரம் கவனமாக இருக்க வேண்டும். வலி என்று பார்த்தால் நெஞ்சைவிடச் சிரை எடுத்த கால்தான் அதிகம் வலித்தது. கணுக்கால் வீங்கியது. இடது மார்பின் தோல் இன்றும் பாதி மரத்துத்தான் இருக்கிறது. தமனியை எடுத்த பக்கம் அப்படி இருக்கும், மெல்லச் சரியாகும் என்கிறார்கள்.

பெண்களுக்காக ஒன்றை விளக்கமாக எழுதுகிறேன், எந்த டாக்டரும் இதை என்னிடம் சொல்லவில்லை. நடு நெஞ்சில் தையல் போட்டிருக்கும்போது மார்பகத்தின் எடை இரண்டு பக்கமும் தோலை இழுக்கும். தையலின் கீழ்முனையில்தான் அந்த இழுப்பு அதிகம். அங்கேதான் வியர்வையும் தங்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் புண் பிரிவதும் சீழ் வைப்பதும் அங்கிருந்துதான் தொடங்கக்கூடும். அந்த நாகர்கோவில் நர்ஸ்தான் மெத்தென்ற துணியில், முன்பக்கம் திறக்கிற, கம்பி இல்லாத உள்ளாடையை வாங்கி வரச் சொல்லி, வடு பொத்தானில் உரசாமல் நடுவில் மெல்லிய பருத்தித் துணி வைத்துப் போட்டுவிட்டார். வலி அன்றே பாதியாகக் குறைந்தது. கூச்சப்படாமல் கேளுங்கள். ஆண் டாக்டர்களிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால் நர்ஸிடம் கேளுங்கள்.

ஐ.சி.யூ.விலிருந்து அறைக்கு வந்த பிறகு ஒரு நள்ளிரவில் இதயம் தாறுமாறாக அடிக்கத் தொடங்கியது. ஒரு தாளத்துக்கும் கட்டுப்படாத அடி. என் மகள் அழைப்பு மணியை அழுத்திக்கொண்டே இருந்தாள். பைபாஸ் செய்தவர்களில் மூன்று நான்கு பேரில் ஒருவருக்கு முதல் சில நாட்களில் இப்படி மேலறைகள் துடிதுடிக்கும். தனியாக மருந்து ஏற்றினார்கள், விடிவதற்குள் சீரானது. இதையும் முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அந்த இரவை அப்படிக் கழித்திருக்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அடுப்படி. ஆண்களுக்கு பைபாஸ் என்றால் மூன்று மாதம் சாய்வு நாற்காலி; அதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு மாதம் முடிவதற்குள் என் நாத்தனார், பாசத்தோடுதான், “அண்ணி, இப்போது நடமாடுகிறீர்களே, சும்மா மாவு மட்டும் கரைத்து வைக்கலாமே?” என்றார். மாவரைக்கும் கிரைண்டரின் கல்லைத் தூக்குவது, இட்லிக் குண்டானை இறக்குவது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைப்பது, கனத்த போர்வையைப் பிழிவது எல்லாமே நெஞ்செலும்பை இரண்டாகப் பிரித்து இழுக்கிற வேலைகள். இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. கட்டிலிலிருந்து எழும்போதுகூடக் கையை ஊன்றாமல் ஒருக்களித்து எழ வேண்டும். என் கணவர் அன்று மாலையே இதையெல்லாம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினார். இட்லிக் குண்டானை அவர்தான் இறக்கினார். இன்றும் அவர்தான் இறக்குகிறார்.

அழுகையும் வந்தது. காரணம் கிடையாது. தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போது, மகள் தலை வாரிவிடும்போது. பயந்துபோய்ப் பரிசோதனைக்குச் சென்றபோது கேட்டேன். பெரிய அறுவைக்குப் பிறகு பலருக்கு மனம் இப்படிக் கலங்கும், வாரக்கணக்கில் தொடர்ந்தால் சொல்லுங்கள், அதற்கும் மருத்துவம் உண்டு என்றார்கள். எனக்கு நடைப்பயிற்சி கூடக் கூட அது விலகியது. இப்போது மகாமகக் குளத்தைச் சுற்றி விடியற்காலையில் நடக்கிறேன். படி ஏறும்போது தாடை வலிப்பதில்லை.

பைபாஸோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். மார்புத் தமனியால் போட்ட இணைப்பு பத்து ஆண்டுகள் கடந்தும் பத்தில் ஒன்பது பேருக்கு நன்றாக ஓடுகிறது. கால் சிரையால் போட்டவை அவ்வளவு தாங்குவதில்லை. பத்து ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதி பழுதாகிவிடுகின்றன. சிரை, தமனியின் அழுத்தத்துக்காகப் படைக்கப்பட்டதல்ல. ஆகவே ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் எனக்கு ஆயுள்வரை. மூன்று மாதச் சர்க்கரை அளவை 7க்குக் கீழே வைக்கப் போராடிக்கொண்டிருக்கிறேன். தீபாவளி மாதத்தில் மட்டும் கொஞ்சம் ஏறியது.

சென்ற மாதம், என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியை தொலைபேசியில் அழைத்தார். அவர் கணவருக்கு ஓர் அடைப்பு, ஸ்டென்ட் என்று சொல்லியிருக்கிறார்களாம். என் கதையைக் கேட்டுப் பயந்துபோயிருந்தார். “அக்கா, பைபாஸே செய்துவிடலாமா?” என்றார். அப்படிச் சொல்லவே இல்லை என்றேன். அறுவை டாக்டரும் படத்தைப் பார்த்துவிட்டாரா, கம்பி போகாவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள், எந்த இடத்தில் நிறுத்துவீர்கள், வெளியே காத்திருக்கிறவர்களிடம் யார் வந்து சொல்வார்கள் என்று மட்டும் கேட்கச் சொன்னேன். அவர் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறார். இரண்டு டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசி, ஒரே ஒரு சிறிய அடைப்பு, சர்க்கரை இல்லை, இவருக்கு ஸ்டென்ட்தான் சரி என்று சொல்லியிருக்கிறார்கள். வைத்த கையோடு டாக்டரே வெளியே வந்து, படத்தைக் காட்டி விளக்கினாராம். மூன்றாம் நாள் வீடு திரும்பிவிட்டார்.